தராசை நம்பியவர்: அந்துவான் லவோசியர் (1743 – 1794)

மாணவர்களே, 2.4 கிராம் மகனீசிய நாடாவை மூடியுள்ள புடக்குகை ஒன்றில் இட்டு வெப்பமேற்றுகிறீர்கள். இடையிடையே மூடியைச் சற்றே உயர்த்தி வளி உட்புக விடுகிறீர்கள். நாடா முழுவதும் வெண்ணிறத் தூளாக மாறிய பின்னர் குளிரவிட்டு நிறுக்கிறீர்கள். தூளின் திணிவு 2.4 கிராமிலும் குறைவாக இருக்குமா, கூடுதலாக இருக்குமா?

வகுப்பில் இவ்வினாவைக் கேட்டால், குறைவாக இருக்கும் என்பதற்கே பல கைகள் உயரும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அடுப்பில் வைத்த விறகு ஒரு பிடி சாம்பலாவதையும் மெழுகுதிரி எரிந்து இல்லாமற் போவதையும் நாம் அன்றாடம் காண்கிறோம். எரியும் பொருள் குறையும் என்று கண் சொல்கிறது. ஆனால் தராசு 4.0 கிராம் என்று காட்டும். கண்ணை நம்புவதா, தராசை நம்புவதா? ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவின் சிறந்த இரசாயனவியலாளர்களும் இந்த இடத்திலேயே தடுமாறினர். அப்போது தராசின் பக்கம் உறுதியாக நின்றவர் ஒரு வரி வசூலிப்பாளர். அவர் பெயர் அந்துவான் லவோசியர். திணிவுக் காப்பு விதியைப் படிக்கும்போது இப்பெயரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். பெயரையும் விதியையும் மட்டும் மனனம் செய்தாலும் ஒரு புள்ளி கிடைக்கும். ஆனால் அம்மனிதர் எதை எப்படி நிறுத்தார் என்று அறிந்தவருக்கே, இரசாயனச் சமன்பாட்டை ஏன் சமப்படுத்த வேண்டும் என்பது விளங்கும்.

சட்டம் படித்த இரசாயனவியலாளர்

லவோசியர் 1743 ஆகத்து 26 ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் வசதி படைத்த சட்டத்தரணி. ஐந்து வயதில் தாயை இழந்த சிறுவனைத் தாயின் சகோதரி அன்போடு வளர்த்தார். குடும்ப வழக்கப்படி அவரும் சட்டம் பயின்று 1764 இல் தகைமை பெற்றார். ஆயினும் சட்டம் படித்த காலத்திலேயே இரசாயனவியல், புவியியல், கணிதம் ஆகியவற்றை அக்காலத்துப் பெரும் ஆசிரியர்களிடம் கேட்டுப் படித்துவந்தார். நீதிமன்றத்துக்கு அவர் வழக்காடச் செல்லவில்லை.

1766 இல், இரவு நேரத்தில் பாரிஸ் வீதிகளுக்கு எவ்வாறு சிறந்த முறையில் விளக்கேற்றலாம் என்று எழுதிய கட்டுரைக்காக மன்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1768 இல், 25 வயது நிறைவதற்கு முன்னரே, பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினரானார். அதே ஆண்டில் இன்னொரு காரியமும் செய்தார். மன்னருக்காக வரி வசூலிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் பங்கு வாங்கினார். உப்பு, புகையிலை, பாரிஸ் நகருக்குள் வரும் பொருள்கள் ஆகியவற்றுக்கான வரிகளை மக்களிடம் அறவிடுவது அந்நிறுவனத்தின் தொழில். அரசுக்குக் குறித்த தொகையைச் செலுத்திவிட்டு, மேலதிகமாக வசூலானதைப் பங்குதாரர் பிரித்துக்கொள்வர். நாட்டில் அந்நிறுவனத்தை வெறுக்காத ஏழை ஒருவரும் இல்லை எனலாம். இந்தப் பங்கே அவருக்குச் செல்வத்தைத் தந்தது. அந்தச் செல்வமே அக்காலத்தில் ஐரோப்பாவில் கிடைத்த மிகத் திருத்தமான தராசுகளை அவருக்கு வாங்கித் தந்தது. இதே பங்குதான் பின்னர் அவரது உயிரையும் வாங்கியது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1771 இல் தம்முடன் பங்காளராக இருந்த ஒருவரின் மகளான மேரி ஆனை மணந்தார். மணமகனுக்கு வயது 28, மணமகளுக்கு 13. அக்காலச் செல்வந்தர் குடும்பங்களில் அது நடந்தது. இன்று நமக்கு அது ஏற்புடையதன்று. ஆயினும் அந்தச் சிறுமி வெறும் இல்லத்தரசியாக இருந்துவிடவில்லை. ஆங்கிலம் கற்று, கணவருக்கு வராத அம்மொழியில் வெளிவந்த இரசாயன நூல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தார். புகழ்பெற்ற ஓவியர் டேவிட்டிடம் வரைதல் பயின்று, ஆய்வுகூட உபகரணங்களை அளவு பிசகாமல் வரைந்தார். பரிசோதனைகள் நடக்கும்போது அருகில் இருந்து அளவீடுகளைக் குறிப்பேட்டில் பதிந்தார். லவோசியர் காலை 6 மணி முதல் 9 மணி வரையும், மாலை 7 மணி முதல் 10 மணி வரையும் விஞ்ஞானத்துக்காக ஒதுக்கினார். இடைப்பட்ட நேரம் வரிக் கணக்குக்கும் அரச அலுவலுக்கும் உரியது. வாரத்தில் ஒரு நாள் முழுவதும் ஆய்வுகூடத்தில் கழிந்தது. அந்த நாளையே அவர் மிக மகிழ்ச்சியாக எதிர்பார்த்திருந்தார்.

101 நாட்கள் கொதித்த நீர்

அக்காலத்தில், நீரை நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் அதன் ஒரு பகுதி மண்ணாக மாறும் என்று பலர் நம்பினர். கண்ணாடிப் பாத்திரத்தில் நீரைக் கொதிக்க வைத்தால் அடியில் சிறிது திண்மம் படிவதை எவரும் காணலாம். அதுவே அவர்களுடைய சான்று. லவோசியர், ஆவி ஒடுங்கி மீண்டும் உள்ளேயே விழும்படி அமைந்த மூடிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் தூய நீரை இட்டார். பாத்திரத்தைத் தனியாகவும் நீருடனும் நிறுத்துக்கொண்டார். பின்னர் 101 நாட்கள் இடைவிடாது சூடாக்கினார். முடிவில் முழுத் தொகுதியின் திணிவு மாறவில்லை. திண்மம் சுமார் 20 கிரேன் சேர்ந்திருந்தது. (கிரேன் என்பது பழைய எடை அலகு. பிரெஞ்சுக் கிரேன் ஒன்று 0.053 கிராம் அளவினது.) வெறும் பாத்திரத்தை நிறுத்தபோது அது சுமார் 17 கிரேன் குறைந்திருந்தது. நீர் மண்ணாகவில்லை, கண்ணாடியே சிறிது சிறிதாகக் கரைந்து நீரில் சேர்ந்திருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 17 உம் 20 உம் சரிசமன் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எந்த அளவீட்டிலும் வழு உண்டு. பெற்ற எண்ணை மறைக்காமல் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். செய்முறைப் பரிசோதனையில் வரவேண்டிய விடையை முன்கூட்டியே அறிந்துகொண்டு வாசிப்பைத் திருத்தி எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டல்லவா?

தாக்கம் நடைபெறும் தொகுதியை மூடிவை, முன்னும் பின்னும் நிறு, கணக்கு ஒத்துவராவிட்டால் எங்கோ ஒன்று உட்புகுந்தது அல்லது வெளியேறியது என்று தேடு. லவோசியரின் முறை இவ்வளவுதான். வரவும் செலவும் ஒத்துவர வேண்டும் என்று பார்க்கும் கணக்காளரின் பழக்கம் இது. பொருள் அழிவதில்லை என்று அவருக்கு முன்னரும் சிலர் கூறியிருந்தனர். ருசிய அறிஞர் லொமனோசோவ் 1756 இல் மூடிய பாத்திரங்களில் உலோகங்களைச் சூடாக்கியும் பார்த்திருந்தார். ஆயினும் அக்கருத்தை ஒவ்வொரு பரிசோதனையிலும் கருவியாகப் பயன்படுத்தி, இரசாயனவியல் முழுவதையும் அதன்மேல் கட்டியெழுப்பியவர் லவோசியரே.

எரிதல் என்றால் என்ன?

இப்போது நமது மகனீசியத்துக்குத் திரும்புவோம். 18 ஆம் நூற்றாண்டில் எரிதலை விளக்கிய கொள்கை புளோஜிஸ்தன் கொள்கை எனப்பட்டது. எரியக்கூடிய பொருள் ஒவ்வொன்றிலும் புளோஜிஸ்தன் என்னும் ஒன்று அடங்கியுள்ளது, எரியும்போது அது வெளியேறுகிறது, எஞ்சுவது சாம்பல் என்பது அதன் சாரம். இதை மூடத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கரியுடன் சேர்த்து உலோகச் சாம்பலைச் சூடாக்கினால் உலோகம் மீளக் கிடைப்பதைக்கூட, கரியிலுள்ள புளோஜிஸ்தன் உலோகத்துக்குத் திரும்பிச் செல்கிறது என்று அக்கொள்கை அழகாக விளக்கியது. ஒரேயொரு சிக்கல்தான் இருந்தது. உலோகம் எரிந்தால் திணிவு கூடுகிறது. ஒன்று வெளியேறினால் திணிவு எப்படிக் கூடும்? புளோஜிஸ்தனுக்கு எதிர்த் திணிவு உண்டு என்று கூறித் தப்பிக்க முயன்றவர்களும் உண்டு.

1772 இல் லவோசியர் பொசுபரசையும் கந்தகத்தையும் எரித்து, அவையும் திணிவு கூடுகின்றன என்று கண்டார். இது பெரிய விடயம் என்று உணர்ந்த அவர், அவ்வாண்டு நவம்பர் 1 ஆம் திகதி கண்டதை எழுதி, முத்திரையிட்ட உறையில் விஞ்ஞானக் கழகத்திடம் ஒப்படைத்தார். வேறொருவர் முந்திக்கொள்ளக்கூடாதே என்ற அச்சம்தான் காரணம். புகழில் ஆசையற்ற மகான் அல்லர் அவர்.

அடுத்து 1774 இல் செய்த பரிசோதனையை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ஆங்கிலேயரான பொயில் மூடிய குடுவையில் உலோகத்தைச் சூடாக்கி, பின்னர் குடுவையைத் திறந்து நிறுத்தபோது திணிவு கூடியிருக்கக் கண்டார். நெருப்பின் துணிக்கைகள் கண்ணாடியை ஊடுருவி உள்ளே வந்தன என்று அவர் முடிவு செய்தார். லவோசியர் அதே பரிசோதனையை வெள்ளீயத்தையும் ஈயத்தையும் கொண்டு செய்தார். ஆனால் குடுவையைத் திறப்பதற்கு முன்னரே நிறுத்தார். திணிவு மாறவில்லை. எனவே வெளியிலிருந்து நெருப்புத் துணிக்கை எதுவும் வரவில்லை. பின்னர் திறந்தார். வெளிவளி ஓசையுடன் உள்ளே பாய்ந்தது. மீண்டும் நிறுத்தபோது திணிவு கூடியிருந்தது. கூடிய அளவு, உலோகத்தில் கூடிய திணிவுக்கு ஏறத்தாழச் சமனாக இருந்தது. அதாவது உள்ளே இருந்த வளியின் ஒரு பகுதி உலோகத்துடன் சேர்ந்துவிட்டது. அதனால் உண்டான வெற்றிடத்தை நிரப்பவே வெளிவளி உட்புகுந்தது. இரண்டு பரிசோதனைகளுக்கும் இடையில் இருந்த வேறுபாடு, எப்போது நிறுப்பது என்பது மட்டுமே.

இதனைப் பரீட்சை வினாவாக மாற்றிப் பாருங்கள். சலவைக்கல் துண்டுகளை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்துடன் திறந்த குடுவையில் தாக்கமுறச் செய்தால் தராசின் வாசிப்பு குறைந்துகொண்டே செல்லும். அதே தாக்கத்தை வாயில் இறப்பர் பலூன் பொருத்திய குடுவையில் செய்தால் பலூன் ஊதும், தராசின் வாசிப்பு ஏறத்தாழ மாறாதிருக்கும். முதலாவதில் திணிவுக் காப்பு விதி பொய்யாகிவிட்டது என்று எழுதினால் புள்ளி இல்லை. காபனீரொட்சைட்டு வாயு தொகுதியை விட்டு வெளியேறியது என்று எழுத வேண்டும். விறகும் மெழுகுதிரியும் நம் கண்ணை ஏமாற்றுவது இதனாலேயே. அவற்றின் விளைபொருள்களில் பெரும்பகுதி வாயு.

பன்னிரண்டு நாள் பரிசோதனை

வளியின் எந்தப் பகுதி உலோகத்துடன் சேர்கிறது? இதற்கான திறவுகோல் இங்கிலாந்திலிருந்து வந்தது. யோசப் பிறீஸ்லி என்னும் மதபோதகர் 1774 ஆகத்து 1 ஆம் திகதி, இரசத்தைச் சூடாக்குவதால் பெறப்படும் செந்நிறத் தூளின்மீது வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து, ஒரு வாயுவைப் பெற்றார். அதில் மெழுகுதிரி மிகப் பிரகாசமாக எரிந்தது. அவ்வாண்டு ஒற்றோபரில் பாரிஸ் வந்த பிறீஸ்லி, லவோசியரின் வீட்டு விருந்தில் இதைப் பற்றிப் பேசினார். சுவீடன் நாட்டு மருந்தாளரான சீலே, பிறீஸ்லிக்கும் முன்னரே இவ்வாயுவைத் தயாரித்திருந்தார். ஆனால் அவரது நூல் 1777 இலேயே வெளிவந்தது. லவோசியர் தமது முதல் கட்டுரையில் இவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை. இது அவரது பெயரில் உள்ள கறை. ஆகையால் ஒட்சிசனைக் கண்டுபிடித்தவர் யார் என்ற வினாவுக்கு லவோசியர் என்று எழுதாதீர்கள். சீலேயும் பிறீஸ்லியும் தனித்தனியே அதைத் தயாரித்தனர். அது என்னவென்று விளங்கிக்கொண்டவர் லவோசியர். பிறீஸ்லி இறுதிவரை அதைப் புளோஜிஸ்தன் நீங்கிய வளி என்றே கருதினார்.

லவோசியரின் புகழ்பெற்ற பரிசோதனை இது. வளைந்த கழுத்துள்ள வாலையில் 4 அவுன்சு (ஏறத்தாழ 122 கிராம்) இரசத்தை இட்டார். வாலையின் கழுத்து, இரசத் தொட்டியில் கவிழ்த்த மணிச்சாடியினுள் திறந்திருந்தது. உள்ளே அடைபட்டிருந்த வளி 50 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 1 லீற்றர். இரசத்தை அதன் கொதிநிலைக்கு அண்மையில் வைத்து இரவு பகலாகச் சூடாக்கினார். முதல் நாள் எதுவும் நிகழவில்லை. இரண்டாம் நாள் இரசத்தின் மேற்பரப்பில் சிறு செந்நிறத் துணிக்கைகள் தோன்றின. சில நாட்கள் அவை பெருகி, பின்னர் பெருகாது நின்றன. 12 ஆம் நாள் நெருப்பை அணைத்தார். வளி 42 அல்லது 43 கன அங்குலமாகக் குறைந்திருந்தது. எஞ்சிய வளியில் மெழுகுதிரி அணைந்தது, எலி மூச்சுத் திணறி இறந்தது.

செந்நிறத் தூளைக் கவனமாகச் சேகரித்து நிறுத்தார். 45 கிரேன். அதைத் தனியாக வேறொரு வாலையில் இன்னும் அதிகமாகச் சூடாக்கினார். 41.5 கிரேன் இரசமும் 7 முதல் 8 கன அங்குலம் வாயுவும் கிடைத்தன. காணாமற் போன வளியும் அதே 7 முதல் 8 கன அங்குலம்தான்! அந்த வாயுவை எஞ்சிய வளியுடன் கலந்தபோது மீண்டும் சாதாரண வளியைப் போன்ற வளி கிடைத்தது.

இப்போது பென்சிலை எடுங்கள். இரசத்தின் சாரணுத் திணிவு 201, ஒட்சிசனின் சாரணுத் திணிவு 16 எனக் கொள்க. இரச ஒட்சைட்டின் சூத்திரத் திணிவு 217. அப்படியானால் 45 கிரேன் இரச ஒட்சைட்டில் எவ்வளவு இரசம் இருக்க வேண்டும்? 45 ஐ 201 ஆல் பெருக்கி 217 ஆல் வகுங்கள். விடை 41.7. லவோசியர் பெற்றது 41.5. அணுத் திணிவு என்ற சொல்லே பிறக்காத காலத்தில், கரி அடுப்பின் முன் பன்னிரண்டு நாட்கள் விழித்திருந்து பெற்ற எண் அது. எனக்கு இந்த 41.5 ஐக் காணும்போதெல்லாம் வியப்பாக இருக்கிறது. கனவளவில் மட்டும் ஒரு குறை உண்டு. வளியில் ஒட்சிசன் கனவளவுப்படி ஏறத்தாழ 21% என்று நாம் படிக்கிறோம். அவ்வாறாயின் 10 கன அங்குலத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். அவரது வாலையில் ஒட்சிசன் முழுவதும் தாக்கமுறவில்லை என்பதே காரணம்.

பெயர்களும் நீரும்

அமிலத்தை உண்டாக்குவது என்னும் பொருள்பட அந்த வாயுவுக்குக் கிரேக்கச் சொற்களிலிருந்து ஒட்சிசன் என்று பெயரிட்டார். கந்தகமும் பொசுபரசும் எரிந்து பெறப்படும் ஒட்சைட்டுகள் நீரில் கரைந்து அமிலம் தந்ததால், எல்லா அமிலங்களிலும் ஒட்சிசன் உண்டு என்று அவர் நம்பினார். இது பிழை. ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்பதை 1810 அளவில் டேவி காட்டினார். நீர்க் கரைசலில் ஐதரசன் அயன்களைத் தருவதே அமிலம் என்று நீங்கள் எழுத வேண்டும். பிழையான கருத்தில் பிறந்த பெயர் மட்டும் இன்றும் நிலைத்துவிட்டது.

நீர் ஒரு மூலகம் என்ற பழைய நம்பிக்கையையும் அவரே முடித்துவைத்தார். ஐதரசன் எரியும்போது நீர் உண்டாவதை இங்கிலாந்தில் கவண்டிஷ் கண்டிருந்தார். இதனை அறிந்த லவோசியர் 1783 யூன் மாதத்தில் லாப்லாசுடன் சேர்ந்து அதைச் செய்து காட்டினார். பின்னர் செஞ்சூடான இரும்புத் துப்பாக்கிக் குழாயினூடாக நீராவியைச் செலுத்தி, ஒட்சிசனை இரும்பிடம் விட்டுவிட்டு ஐதரசன் வெளிவருவதையும் காட்டினார். சேர்த்தாலும் பிரித்தாலும் கணக்கு ஒத்துவந்தது. 2 கிராம் ஐதரசனும் 16 கிராம் ஒட்சிசனும் 18 கிராம் நீரைத் தருகின்றன என்று நாம் இன்று ஒரு வரியில் எழுதுகிறோம்.

1787 இல் மேலும் மூவருடன் சேர்ந்து இரசாயனப் பெயரீட்டு முறையை வெளியிட்டார். அதற்கு முன்னர் சல்பூரிக் அமிலம் விற்றியோல் எண்ணெய் எனப்பட்டது. நாகவொட்சைட்டு நாகப் பூ எனப்பட்டது. அந்திமனி வெண்ணெய் என்ற பெயரும் இருந்தது, உண்ண முடியாத நச்சு வெண்ணெய்! பெயரைக் கேட்டால் சேர்வையில் உள்ள மூலகங்கள் விளங்க வேண்டும் என்பது புதிய முறையின் விதி. சல்பைட்டு, சல்பைற்று, சல்பேற்று என்று நீங்கள் குழம்பும்போது லவோசியரைத் திட்டலாம். ஆனால் அப்பெயர்கள் இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான எண்ணெய்களையும் பூக்களையும் மனனம் செய்ய வேண்டியிருந்திருக்கும்.

1789 இல் அவரது இரசாயனப் பாடநூல் வெளிவந்தது. படங்களை வரைந்தவர் மேரி ஆன். வேறு பொருள்களாகப் பிரிக்க முடியாதவை என்று 33 மூலகங்களை அதில் பட்டியலிட்டார். அவற்றுள் ஒளியும் வெப்பமும் இருந்தன, சுண்ணாம்பும் இருந்தது. இன்று மூலகத்தை அணுவெண்ணைக் கொண்டு வரையறுக்கிறோம். ஆனால் பட்டியல் தற்காலிகமானது, நாளை யாராவது ஒன்றைப் பிரித்துக் காட்டினால் அதை நீக்க வேண்டும் என்று அவரே தெளிவாகக் கூறியிருந்தார். அவ்வாறே 1808 இல் டேவி சுண்ணாம்பிலிருந்து கல்சியத்தைப் பிரித்தார். திணிவுக் காப்பு விதி அந்நூலில் எந்த இடத்தில் வருகிறது தெரியுமா? முந்திரிகைச் சாறு நொதித்து மதுவாகும் அத்தியாயத்தில். வெல்லம் மறைந்து, மதுசாரமும் வாயுவும் தோன்றும் அந்தத் தாக்கத்தைக் கணிதச் சமன்பாடு போல இரு பக்கமும் ஒத்துவரும்படி எழுதலாம் என்றார். 180 கிராம் குளுக்கோசு 92 கிராம் எதைல் மதுசாரத்தையும் 88 கிராம் காபனீரொட்சைட்டையும் தருவதை நீங்களே கூட்டிப் பாருங்கள். நாம் சமன்பாடு என்ற சொல்லைப் பயன்படுத்துவதன் ஊற்று அங்கே இருக்கிறது.

மற்றத் தராசு

அந்நூல் வெளிவந்த ஆண்டிலேயே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. லவோசியர் சீர்திருத்தத்துக்கு எதிரானவர் அல்லர். அரசின் வெடிமருந்து உற்பத்தியை 1775 முதல் சீர்படுத்தினார். விவசாயத்தை மேம்படுத்தப் பரிசோதனைப் பண்ணை நடத்தினார். புதிய நிறை, அளவை முறையை வகுக்கும் குழுவிலும் உழைத்தார். குறித்த கனவளவு நீரின் திணிவை ஒரு பளிங்கியலறிஞருடன் சேர்ந்து அளந்தார். இன்று நீங்கள் பயன்படுத்தும் கிராமின் தொடக்கம் அதுவே.

ஆனால் மக்களின் தராசில் அவர் வரி வசூலிப்பாளராகவே நிறுக்கப்பட்டார். வரி செலுத்தாமல் பொருள்களைக் கடத்துவதைத் தடுக்க, 1780களில் பாரிஸ் நகரைச் சுற்றி ஒரு மதில் எழுப்பப்பட்டது. அந்த யோசனை லவோசியருடையது. கணக்கில் ஓட்டை விழக்கூடாது என்பதே அவர் எண்ணம். குடுவைக்கு மூடியிட்டது போலவே நகரத்துக்கும் மூடியிட்டார் போலும். நகரத்துள் இருந்தவர்களுக்கோ அது சிறைச்சுவராகத் தோன்றியது. நெருப்பைப் பற்றிய தமது ஆய்வுக்கு விஞ்ஞானக் கழகத்தின் அங்கீகாரம் கிடைக்காமையால் மனம் கசந்திருந்த மாரா என்பவர், புரட்சிக் காலத்தில் செல்வாக்குள்ள பத்திரிகையாளராகி, 1791 இல் லவோசியரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்.

1791 இல் வரி நிறுவனம் ஒழிக்கப்பட்டது. 1793 ஆகத்தில் விஞ்ஞானக் கழகம் மூடப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 24 ஆம் திகதி முன்னாள் வரிப் பங்காளர் அனைவரையும் கைதுசெய்யக் கட்டளை பிறந்தது. சில நாட்கள் மறைந்திருந்த லவோசியர் 28 ஆம் திகதி தாமாகவே சரணடைந்தார். சிறையில் இருந்தபடி பங்காளர்கள் கணக்குகளை எழுதி முடித்தனர். கணக்கைச் சரியாகக் காட்டினால் விடுதலை கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். புகையிலைக்கு நீர் சேர்த்து எடை கூட்டியமை, அளவுக்கு மீறிய இலாபம் எடுத்தமை முதலியன குற்றச்சாட்டுகள். 1794 மே 8 ஆம் திகதி விசாரணை நடந்தது. அன்றே தீர்ப்பும், அன்றே தண்டனையும். அவரும் அவருடைய பங்காளர்கள் 27 பேரும் வெட்டுப்பொறியில் கொல்லப்பட்டனர். மேரி ஆன் ஒரே நாளில் கணவரையும் தந்தையையும் இழந்தார். லவோசியருக்கு வயது 50.

தலை வெட்டப்பட்ட பின்னரும் கண்களைச் சிமிட்டிக் காட்டி இறுதிப் பரிசோதனை செய்தார் என்ற கதையைச் சிலர் சொல்வர். அதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. விடைத்தாளில் எழுத வேண்டாம்.

அவர் இறந்து மூன்று மாதத்துக்குள் அந்தப் பயங்கர ஆட்சி கவிழ்ந்தது. 1795 இல் புதிய அரசு, அவர் தவறாகக் குற்றவாளியாக்கப்பட்டவர் என்று ஏற்றுக்கொண்டு, பறித்த உடைமைகளை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தது. மேரி ஆன் கணவர் சிறையில் தொகுக்கத் தொடங்கிய கட்டுரைகளை 1805 இல் நூலாக்கி அறிஞர்களுக்கு வழங்கினார். 1836 வரை வாழ்ந்தார்.

ஓவியர் டேவிட் 1788 இல் வரைந்த இத்தம்பதியரின் பெரிய ஓவியம் இப்போது நியூயோர்க் நூதனசாலையில் இருக்கிறது. மேசைமேல் கண்ணாடிக் குடுவைகளும் வாயுமானியும் உள்ளன, லவோசியர் எழுதிக்கொண்டிருக்கிறார். நிறப்பூச்சின் அடியில் என்ன இருக்கிறது என்று ஊடுகதிர்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, முதலில் வரையப்பட்ட படத்தில் இவ்வுபகரணங்கள் எவையும் இல்லை என்பது 2021 இல் வெளியாயிற்று. அதில் மேரி ஆன் தலையில் பூக்கள் செருகிய பெரிய தொப்பி இருந்தது. செல்வச் செழிப்புள்ள வரிப் பங்காளர் தம்பதியரையே ஓவியர் முதலில் வரைந்திருக்கிறார். பின்னர் அதன்மேல் விஞ்ஞானிகளை வரைந்தார்.

மேரி ஆன் பேணிக் காத்த உபகரணங்களில் பல, தராசுகள் உட்பட, பாரிஸ் நகரில் உள்ள கலை, தொழினுட்ப நூதனசாலையில் இன்றும் வைக்கப்பட்டுள்ளன.